உட்காருவதற்கு எத்தனை மில்லிகிராம்

எங்கள் கிடங்கில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று ஏட்டில் இருக்கிறது. குறை இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்குச் சத்துக் குறை இருக்கிறது என்றும் அதே ஏட்டில் இருக்கிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவர்தான், நலவாழ்வுப் பிரிவின் அதிகாரி. பிரிவு திறந்த நாளிலிருந்து அவர் மேசையில் மாத்திரை டப்பாக்கள் கோபுரமாக அடுக்கியிருந்ததால் நாங்கள் அவரை டப்பா சார் என்றோம். அது அவர் காதுக்கும் போனது. பதவியைச் சுருக்கிச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொண்டார்.

நாங்கள் சுமக்கிறவர்கள், பதினொரு பேர். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம், பூனைத் தீவனம் என்று எது வந்தாலும் எங்கள் முதுகில்தான் வரும், எங்கள் முதுகில்தான் போகும். மாட்டு மூட்டை ஐம்பது கிலோ. பூனை மூட்டை இருபதுதான், அதனால் மூன்றாக அடுக்கி வைப்பார்கள். கிடங்குத் தரைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு பலகை சாய்த்துப் போட்டிருக்கும். கீழே வேறு இரண்டு பேர் தூக்கி வைக்க, வாங்கிக்கொண்டு பலகையில் ஏறி, லாரிக்குள் சரித்துவிட்டு, அந்தப் பக்கம் படியில் இறங்கி மறுபடி வரிசைக்கு வரவேண்டும். பலகை ஒரு ஆள் அகலம். ஒருவர் நின்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் சுமையோடு நிற்க வேண்டும். அதனால் பலகையில் யாரும் நிற்பதில்லை. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு லாரிக்குள் போய்த்தான் தும்முவோம்.

எனக்கு முன்னால் ஏறுகிறவர் என் மச்சான், அக்காவின் கணவர். ஐம்பத்தாறு வயது. ஒரு நாள் பலகையின் நடுவில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. நான் பின்னாலிருந்து பார்த்தேன். தோலுக்குள் எலி ஓடுவதுபோல் சதை உருண்டு மேலே போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்து, மூட்டையோடு லாரிக்குள் விழுந்தார். தீவனத்தின் மேல் விழுந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பக்கவாட்டில் விழுந்திருந்தால் கீழே சிமெண்டுத் தரை, நாலடிப் பள்ளம். மறுவாரம் இன்னொரு முறை பிடித்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு முறை.

அக்கா என்னைக் கூப்பிட்டு வாசலிலேயே நிற்க வைத்துச் சொன்னாள்:

"தினமும் உன் மச்சான நடத்திக் கூட்டிட்டு வர்ற. ஒரு நாள் தூக்கிட்டு வந்து நின்னேன்னு வையி, நான் உங்கூட பேச மாட்டேன். அவர பலகைலேர்ந்து எறக்கு."

இறக்குவதற்கு இடமும் இருந்தது. கிழிந்த மூட்டை தைக்கிறவர் வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த முக்காலியும் கோணி ஊசியும் சணல் உருண்டையும் மூலையில் அப்படியே கிடந்தன. மச்சானுக்குத் தைக்கத் தெரியும். மேஸ்திரியிடம் கேட்டேன். மேஸ்திரி நல்ல மனுஷர். தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். ஆனால் தூக்க வைக்கிற அதிகாரம் மட்டும்தான் தன்னிடம் இருக்கிறதாம், உட்கார வைக்கிற அதிகாரம் இல்லையாம். உட்காருவதற்கு நலவாழ்வுப் பிரிவில் இலகு வேலைச் சீட்டு வாங்கி வரவேண்டும். அந்த ஒரு சீட்டுக்காகத்தான் இத்தனையும்.

நலவாழ்வுப் பிரிவு இருந்த அறை, முன்பு நாங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற அறை. எங்கள் நலனுக்காக அதை எடுத்துக்கொண்டு, குளிர்சாதனம் வைத்து, கண்ணாடிக் கதவு போட்டார்கள். சுவரில் ஒரு பெரிய படம். வாழ்க்கையில் மூட்டையைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு ஆள் மலை உச்சியில் நின்று இரண்டு கையையும் விரித்திருந்தான். உள்ளே நான்கு நாற்காலிகள் இருந்தன. எங்கள் உடம்பில் தீவனத் தூசி என்பதால் நின்றுகொண்டே பேசினோம்.

மச்சான் காலைக் காட்டினார். டப்பா சார் காலைப் பார்க்கவில்லை. ஒரு தாளைப் பார்த்தார்.

"இது கால் பிரச்சினை இல்லீங்க," என்றார். "குறைபாடு. உங்க உடம்புல மக்னீசியம் இல்ல, அதான் சதை இழுக்குது. டாரின் இல்ல, அதான் சோர்வு. எல்லாரும் என்ன பண்றாங்க, வேலைய குறைங்கன்னு வர்றாங்க. வேலைய குறைக்க யாரால வேணா முடியும். அதுல என்ன விஞ்ஞானம் இருக்கு? வேலை அப்படியே இருக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி மனுஷன சரி பண்ணணும். அதுக்குத்தான் எங்கள வச்சிருக்காங்க."

இரண்டு டப்பாக்களைத் தள்ளினார். ஒன்றில் வெள்ளை மாத்திரை, ஒன்றில் மஞ்சள் கேப்சூல். மஞ்சளைக் காட்டி, இந்தச் சத்தை முதன்முதலில் காளை மாட்டின் பித்தத்திலிருந்துதான் எடுத்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

"அந்தக் காளை என்ன ஆச்சு சார்?" என்று மச்சான் கேட்டார்.

டப்பா சார் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தகவல் இதில் இல்லை என்றார். பத்து வாரம் சாப்பிட வேண்டும், அதன் பிறகு சீட்டைப் பற்றிப் பரிசீலிக்கலாம் என்றார். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் பாரபட்சம் ஆகிவிடும் என்று பதினொரு பேருக்கும் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரியும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டதால், என்னைக் குழு எழுத்தர் ஆக்கினார். சுமக்கிற வேலையில் குறைக்கவில்லை. எழுதுகிற வேலையைச் சேர்த்தார்.

எழுத வேண்டியது ஒன்றுதான். தினமும் காலையில் வரிசையில் நிற்கும்போது, இன்றைக்கு உடம்பில் பலம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று டப்பா சார் சத்தமாகக் கேட்பார். அவரவர் சொல்ல வேண்டும். நான் குறிக்க வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தூக்கிவிடுகிற இரண்டு பேரும் காலையில் ஆட்களை ஒரு பார்வை பார்ப்பார்கள். எவன் முகம் வாடியிருக்கிறதோ அவனை வரிசையில் கடைசிக்குத் தள்ளுவார்கள். கடைசியில் நிற்கிறவனை அன்றைக்கு எல்லோரும் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் காய்ச்சலோடு வருகிறவன்கூட வாசலுக்கு வெளியே முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வருவான். இப்படிப்பட்ட ஆட்களிடம், பத்துப் பேர் முன்னால், உன் பலம் எவ்வளவு என்று கேட்டால் என்ன வரும்? முதல் ஆள் பத்து என்றான். இரண்டாவது ஆள் பத்து என்றான். மூன்றாவது ஆள், பத்துக்கு மேலே இல்லையா என்று கேட்டான். மச்சானின் முறை வந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தார்.

"பத்து," என்றார்.

வரிசை கலைந்ததும் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏன் மச்சான் பத்துன்னு சொன்னீங்க?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கானுங்க மாப்ள. ரெண்டுன்னு சொன்னா நாளைக்கு எவன் என் முதுகுல மூட்டைய வைப்பான்?"

"வைக்கக் கூடாதுன்னுதான சீட்டு கேக்கறோம்."

கெண்டைக்கால் துணியை இறுக்கிக் கட்டினார். "அதுவும் சரிதான்," என்றார். "ஆனா வைக்காம விட்டா அசிங்கமா இருக்கும்."

நானும் பத்து என்றுதான் சொல்லியிருந்தேன்.

மூன்றாவது வாரம் எல்லோருக்கும் வயிறு இளகிவிட்டது. வெள்ளை மாத்திரையின் வேலை. கிடங்குக்கு ஒரே கழிப்பறை. அதன் சாவி நலவாழ்வுப் பிரிவின் சுவரில் தொங்கும். போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் குறித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏழு பேர் காலைப் பின்னிக்கொண்டு நின்றோம். கழிப்பறைக்குள் போனவன் வராததால் எட்டாவது ஆள் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போனான். அதைப் பற்றி ஏட்டில் எதுவும் இல்லை. டப்பா சார் சாவி நோட்டை வைத்துக் கோடு கிழித்து ஒரு வரைபடம் போட்டார். முன்பெல்லாம் சோர்வாக நடந்து போனவர்கள் இப்போது ஓடுகிறார்கள் என்று அதன் கீழே எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் பூனைத் தீவனம் வந்தது. முன்னால் போகிற மச்சானின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறவன் நான். அவர் முதுகிலிருந்த மூட்டையில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சடித்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தபடி ஏறினேன். மூன்று நடையில் முடித்தேன். டாரின் என்று இருந்தது. மறுநாள் மாட்டு மூட்டையில் மக்னீசியமும் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னதும், அப்படியென்றால் ஒரு பூனையைக் கூட்டிவந்து மூட்டை தூக்கச் சொல்லு என்றான் ஒருவன். நாம் முதுகில் தூக்குவதையே வயிற்றிலும் தூக்குகிறோம், இரண்டுக்கும் ஒரே கூலிதானா என்றான் இன்னொருவன். டப்பா சாரிடமே கேட்டுவிடலாம் என்று போனேன். அவர் கோபப்படவில்லை.

"அது பூனைத் தரம்," என்றார். "இது மனிதத் தரம். பூனைக்குக் குடுக்கறதுல நாங்க சமரசம் செஞ்சுக்க முடியாது, ஏன்னா வாங்கறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க."

பத்து வாரம் முடிந்தது. இந்தப் பத்து வாரத்தில் மச்சானுக்குப் பலகையில் ஒன்பது முறை கால் பிடித்தது. நான் பின்னாலிருந்து ஒரு கையால் அவர் மூட்டையைத் தாங்கிப் பிடித்துப் பிடித்து எனக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. சீட்டுக்குப் போய் நின்றோம். டப்பா சார் நான் எழுதிய தாள்களையே என் முன்னால் விரித்தார். எல்லாம் பத்து. மாத்திரைக்கு முன்பும் பத்து, பின்பும் பத்து.

"அப்ப மாத்திரையால ஒண்ணும் ஆகலதான சார்?" என்றேன்.

"தப்பாப் பாக்கறீங்க. பத்து வாரம் பத்தக் கீழ விடாம காப்பாத்தியிருக்கு. இவ்ளோ பலத்தோட இருக்கறவர உட்கார வச்சா அது அவருக்குப் பண்ற துரோகம் இல்லையா?"

வெளியே வந்ததும் மச்சான் என்னைப் பார்க்காமல் நடந்தார். அக்கா விடவில்லை. மறுநாள் அவளே அரை நாள் வேலையை விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா மச்சானை முதலில் உட்காரச் சொன்னார். இத்தனை மாதத்தில் அவரை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். காலைத் தொட்டுப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனோம்.

"இவருக்கு மக்னீசியம் சரியாத்தான் இருக்கு," என்றார். "குறைஞ்சிருந்தா மாத்திரை நல்லதுதான், நானே எழுதிக் குடுப்பேன். டாரின் உடம்பே செஞ்சுக்கும், சாப்பாட்டுலயும் கிடைக்கும். இவருக்குக் குறையறது வேற ஒண்ணு. உட்கார்றது."

அதையே கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அக்கா அந்தத் தாளை மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

டப்பா சார் கடிதத்தை மரியாதையோடு வாங்கினார். இரண்டு முறை படித்தார். பிறகு தன் படிவத்தை எடுத்து, பரிந்துரைக்கப்பட்ட பொருள் என்ற இடத்தில் 'உட்காருதல்' என்று எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"எத்தனை மில்லிகிராம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அளவு என்ற கட்டத்தில் மில்லிகிராம் என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. காலியாக விட்டால் தலைமை அலுவலகம் ஏற்காது, டாக்டரம்மாவிடம் கேட்டு வாருங்கள் என்றார். மறுபடி அரை நாள் லீவு போட்டுப் போனோம். டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேனாவை எடுத்து, 'உட்காருதல், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், உணவுக்கு முன்னும் பின்னும்' என்று எழுதினார். இதற்கு மேல் தன்னால் முடியாது என்பதுபோல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எட்டு மணி நேரம் என்றதும் டப்பா சார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ரொம்ப அதிகமான அளவுங்க. பக்க விளைவு என்னன்னு நமக்குத் தெரியாது. முக்கியமா, பழக்கமாயிடும். மேல இருக்கறவங்கள பாருங்க, ஒருத்தராலயும் விட முடியல. நானே எவ்ளோ முயற்சி பண்ணியிருக்கேன்."

மச்சான் என் காதருகே, "இவருக்கு நாம ஏதாச்சும் மாத்திரை வாங்கிக் குடுக்கலாமா மாப்ள," என்றார்.

இருந்தாலும் டாக்டரின் முத்திரையைத் தள்ளிவிட முடியாது. அதனால் சோதனை செய்வது என்று முடிவானது. இரண்டு வாரம் மச்சானை உட்கார வைத்துப் பார்ப்பது. தைக்கிற முக்காலியில் உட்கார வையுங்கள் சார், வேலையும் ஆகும் என்றேன். அது கலப்படம் என்றார். வேலையோடு சேர்ந்து உட்கார்ந்தால் எது உட்காருதல், எது வேலை என்று பிரிக்க முடியாதாம். சுத்தமான உட்காருதல்தான் சோதிக்கத் தக்கது. நலவாழ்வுப் பிரிவில் ஒரு நாற்காலிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, அதில் மச்சானை உட்கார வைத்தார்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார்கள்.

இரண்டு வாரமும் கண்ணாடிக் கதவு வழியாக மச்சானைப் பார்த்துக்கொண்டே சுமந்தோம். அவர் இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்கக் காத்திருக்கிறவர் மாதிரி விறைப்பாக இருந்தார். அரை மணிக்கு ஒரு தரம் டப்பா சார் அவரை நிமிர்ந்து பார்த்து, 'உட்கார்ந்திருக்கிறார்' என்று எழுதினார். போகிற போக்கில் எங்கள் ஆட்கள் கதவில் தட்டி, மேனேஜர் சார் வணக்கம் என்றார்கள். குளிர் தாங்காமல் ஒரு நாள் கோணியைப் போர்த்திக்கொண்டார். அதையும் எழுதினார்கள்.

ஆனால் கால் பிடிக்கவில்லை. முதல் நாளும் இல்லை, ஐந்தாம் நாளும் இல்லை, பதினாலாம் நாளும் இல்லை. காலை நீட்டித் தூங்கினார் என்று அக்கா சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முழங்கால் இவ்வளவு நேராக இருந்து பார்த்ததே இல்லை என்றாள். கடைத்தெருவில் அவர் தனக்கு முன்னால் நடந்து போனதாகவும், நில்லுங்கள் என்று தான் கூப்பிட வேண்டியிருந்ததாகவும் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். சீட்டு வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் காலையில் டப்பா சார் எழுந்து நின்று மச்சானின் கையைக் குலுக்கினார். அந்த அறையில் எழுந்து நின்று அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

"பாத்தீங்களா? பன்னெண்டு வாரத்துல குணமாயிட்டீங்க. கொஞ்சம் லேட்டா வேலை செஞ்சிருக்கு, அவ்ளோதான். சில உடம்பு அப்படி."

"எது சார் வேலை செஞ்சுது?" என்றேன்.

"மக்னீசியமும் டாரினும்."

"சார், உட்கார்ந்ததாலதான் சார் சரியாச்சு. உட்கார்றதுக்கு முன்னால அதே மாத்திரையத்தான் சாப்பிட்டாரு. அப்ப பிடிச்சுது. உட்கார்ந்தாரு, பிடிக்கல."

டப்பா சார் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"இதுல என்ன சத்து இருக்கு, சொல்லுங்க. படிக்கத் தெரிஞ்ச ஆளுதான நீங்க. எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

நான் நாற்காலியைச் சுற்றிப் பார்த்தேன். குனிந்து அடியிலும் பார்த்தேன். எதுவும் எழுதியிருக்கவில்லை.

சீட்டு நோயாளிக்குத்தான் தர முடியும், இவர் குணமானவர் என்றார். சீட்டுக்குப் பதிலாக ஒரு சான்றிதழ் கொடுத்தார். முழுத் தகுதி என்று அதில் தங்க நிற எழுத்தில் இருந்தது. தைக்கிற மூலைக்குப் போய்ப் பார்த்தேன். இந்த வெற்றியை நம்பிப் புதிதாக வரவழைத்த மாத்திரைப் பெட்டிகளை முக்காலியின் மேல் அடுக்கியிருந்தார்கள். கிழிந்த மூட்டைகளுக்கு இனி டேப் ஒட்டினால் போதுமாம்.

சான்றிதழை அக்காவிடம் காட்டினோம். அவள் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "இத கால்ல கட்டணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். குணமான ஆளை நேரில் பார்க்க வேண்டுமாம். கிடங்கு வாசலில் ஒலிபெருக்கி வைத்தார்கள். எங்களைச் சுமையோடு வரிசையில் நிற்க வைத்துவிட்டுப் பேசினார். உங்கள் உடம்பு உங்களுடையது மட்டும் அல்ல, அது இந்த நிறுவனத்தின் குடும்பச் சொத்து என்றார். போன வருடம் மின்விசிறி கேட்டீர்கள், எட்டுக் கூட்டம் போட்டு யோசித்தோம். கையால் தள்ளுகிற வண்டி கேட்டீர்கள், பன்னிரண்டு கூட்டம் போட்டோம். ஆனால் மாத்திரை என்று வந்தபோது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, ஏனென்றால் உங்கள் மேல் எங்களுக்கு அவ்வளவு அக்கறை என்றார். பேச்சு முடிந்தது என்று நினைத்து மேஸ்திரி கைதட்டினார். முடியவில்லை. கைதட்டலை ஊக்கமாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினார்.

பிறகு மச்சானை ஏறச் சொன்னார்கள். மச்சான் முன்னால், நான் பின்னால், எனக்குப் பின்னால் ஒன்பது பேர். மாட்டு மூட்டை, ஐம்பது கிலோ. டப்பா சார் கையில் கடிகாரத்தோடு பலகைக்குக் கீழே நின்றார்.

பாதிப் பலகையில் மச்சானின் வலது கெண்டைக்கால் துள்ளியது. நான் ஒரு கையை எடுத்து அவர் மூட்டையைத் தாங்கினேன். அவர் ஒரு எட்டு வைத்தார். இடது காலும் துள்ளியது. அப்புறம் அவர் செய்ததை எங்கள் கிடங்கில் யாரும் அதுவரை செய்ததில்லை. முழங்காலை மடக்கி, மூட்டையின் அடியைப் பலகையில் ஊன்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வரிசை நின்றது. எனக்குப் பின்னால் பலகையிலும் தரையிலுமாக ஒன்பது பேர் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் போக வழியில்லை. முன்னால் மச்சான்.

மேடம் இது நிகழ்ச்சியில் இருக்கிறதா என்று கேட்டது காதில் விழுந்தது. இருக்கிறது மேடம், இடைநிலை ஓய்வு என்று டப்பா சார் சொன்னார்.

"மச்சான்," என்றேன் மெல்ல.

"கொஞ்சம் இரு மாப்ள," என்றார். குரலில் வலி இல்லை. "அங்க ரெண்டு வாரம் உட்கார்ந்தேன், இந்த மாதிரி இல்ல. இப்பத்தான் உட்கார்ந்த மாதிரி இருக்கு."

அவரை இருக்கவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. எட்டு மணி நேரமும் அங்கேயே இருக்கட்டும், மேடம் பார்க்கட்டும், தலைமை அலுவலகம் முழுவதும் வந்து பார்க்கட்டும் என்று இருந்தது. ஒரு நிமிடம் அப்படித்தான் நின்றேன். இரண்டாவது நிமிடம் மூட்டை கழுத்தெலும்பில் இறங்கியது. பின்னால் யாரோ, என்னய்யா அங்க என்றான். மூன்றாவது நிமிடம் பலகை லேசாக ஆடியது. எனக்குப் பின்னால் நின்றவனின் முழங்கால் நடுங்கி அது பலகை வழியாக என் காலுக்கு வந்தது. எந்திரிக்கச் சொல்லுய்யா என்றார்கள். முதலில் ஒருவன், பிறகு நாலைந்து பேர்.

"எந்திரிங்க மச்சான்," என்றேன். "கழுத்து போகுது."

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியாது. "சரி," என்றார்.

ஒரு கையைப் பலகையில் ஊன்றி எழுந்தார். வலது காலை இழுத்து இழுத்து வைத்து, மீதிப் பலகையையும் ஏறி, லாரிக்குள் மூட்டையைச் சரித்தார். கீழே கைதட்டினார்கள். நான் என் மூட்டையைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கியபோது, டப்பா சார் மேடத்துக்கு ஏட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். கடும் சுமையோடு நடுவில் அமர்ந்தவர், நான்கு நிமிடத்துக்குள் தானாகவே எழுந்து பணியைத் தொடர்ந்தார் என்று எழுதியிருந்தது. மேடத்தால் நம்ப முடியவில்லை. பக்கத்தில் இருந்தவன் நான்தான் என்று என்னை அழைத்துக் கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்க. அவர் எந்திரிக்க யாரும் உதவி பண்ணலையே?"

மச்சான் படியில் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் தன் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"இல்லீங்க மேடம்," என்றேன். "யாரும் உதவி பண்ணல."